அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண் உடுப்பில் போரிட்ட பெண்கள்: எப்படி நுழைந்தார்கள், எங்கே குட்டு உடைந்தது?

#1 ஓலைக்கட்டு

1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆண் வேடத்தில் பட்டாளம் சேர்ந்த பெண்களைப் பற்றித் தமிழில் சுற்றும் பகிர்வுகள் எல்லாம் ஒரே வார்ப்பு. ஒரு பழைய படம், "கணவனைத் தேடிப் போர்க்களம் போன வீராங்கனை" என்று ஒரு தலைப்பு, கீழே கைகூப்பும் பொம்மைகள். எப்படிச் செய்தார்கள் என்பதற்குள் யாரும் போவதில்லை. ஆயிரம் ஆண்கள் இருக்கும் முகாமில், ஒரே கூடாரத்தில் பன்னிரண்டு பேர் படுக்கும் இடத்தில், ஒருவர் மூன்று வருஷம் பிடிபடாமல் இருந்தார் என்றால் அது வெறும் துணிச்சலால் மட்டும் நடந்திருக்காது. அதை இந்த இழையில் துணி, மருத்துவம், ஆவணம் என்று பிரித்துப் பேசுவோம்.

எண்ணிக்கையில் ஒரு திருத்தம் சொல்லித் தொடங்குகிறேன். "400 பெண்கள்" என்ற கணக்கு எல்லா இடத்திலும் வருகிறது. வடதரப்பின் (பிரிந்துபோன தென் மாநிலங்களை எதிர்த்த அமெரிக்க அரசின்) சானிட்டரி கமிஷன் என்ற சிப்பாய் நல அமைப்பில் வேலை பார்த்த மேரி லிவர்மோர் தன் நினைவுக் குறிப்பில் எழுதியது அது. ஆனால் அவர் யாரோ சொன்ன கணக்காகத்தான் எழுதினார். அது சரியா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின்னாளில் ஆவணங்களைத் துருவியவர்கள் தனித்தனி ஆளாக அடையாளம் காட்டியது 250ஐ ஒட்டி. பிடிபடாமலே போனவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள்.

#2 கருமருந்து

முதல் தடை மருத்துவச் சோதனை. விதிப்படி பார்த்தால் யாருமே உள்ளே போயிருக்க முடியாது. சேர வருபவரின் உடுப்பைக் களைந்து பார்க்க வேண்டும் என்றுதான் ராணுவ விதி. ஆனால் 1861, 62இல் நடந்தது வேறு. ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர். மாநிலங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஆள் சேர்த்தன. பல இடங்களில் சர்ஜன் வரிசையாக நின்றவர்களை நடக்கச் சொல்லி, கையை நீட்டச் சொல்லி, வாயைத் திறக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் எதைப் பார்த்தார் என்பது முக்கியம். முன்பற்கள் மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? தோட்டா காகிதச் சுருளில் வரும், அதைப் பல்லால் கிழித்தால்தான் துப்பாக்கியில் போட முடியும். பல் இல்லாதவன் காலாட்படைக்கு ஆகமாட்டான். அடுத்து விசையை இழுக்கும் ஆள்காட்டி விரல். அடுத்து நடை. இந்த மூன்றும் சரியாக இருந்தால் கையெழுத்து.

மீசை இல்லையே, குரல் உடையவில்லையே என்று ஏன் யாரும் கேட்கவில்லை? சட்டப்படி வயது 18. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பொய் சொல்லிச் சேர்ந்தது ஊரறிந்த விஷயம். ரெஜிமென்ட்டின் உட்பிரிவான ஒவ்வொரு கம்பெனியிலும் மழமழவென்ற முகத்தோடு நாலைந்து பேர் இருப்பார்கள். ஆகவே அந்தப் பெண்ணைப் பார்த்தவர்கள் "வயதைக் கூட்டிச் சொன்ன பையன்" என்றுதான் நினைத்தார்கள். அவர்கள் சந்தேகப்பட்டதெல்லாம் வயதைத்தான்.

நன்றாக ஆவணம் உள்ள பெயர்களின் சேர்க்கைத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஃபிராங்க்ளின் தாம்சன் என்ற பெயரில் சாரா எம்மா எட்மண்ட்ஸ், 2ஆவது மிச்சிகன் ரெஜிமென்ட், 1861 மே. ஆல்பர்ட் கேஷியர், 95ஆவது இல்லினாய், 1862 ஆகஸ்ட் 6. லயன்ஸ் வேக்மன் என்ற பெயரில் சாரா ரொசெட்டா வேக்மன், 153ஆவது நியூயார்க், 1862 ஆகஸ்ட் 30. சார்லஸ் ஃப்ரீமன் என்ற பெயரில் மேரி ஸ்கேபெரி, 52ஆவது ஒஹாயோ, 1862 கோடை. எல்லாம் தன்னார்வலர் அலை அடித்த காலம். 1863 மார்ச்சில் கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் வந்த பிறகு, உடல்நலக் குறைவு என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்களைப் பிடிப்பதற்காகவே சோதனையை இறுக்கினார்கள்.

#3 தையற்கடைத் தெரு

உடுப்பைப் பற்றி நான் சொல்கிறேன். வேடத்துக்குப் பாதி வேலையைச் செய்தது அரசாங்கமே கொடுத்த கோட்டு.

வடதரப்புச் சிப்பாய் தினமும் போட்டது நாலு பித்தான் வைத்த கருநீல ஃபிளானல் கோட்டு. இடுப்பில் ஒடுக்கம் கிடையாது, சாக்குப் பை மாதிரி நேராக இறங்கும். ஆளை அளந்து தைப்பதில்லை. நாலே அளவு, மார்பு 36 அங்குலத்தில் தொடங்கி 38, 40, 42. சிறிய உடம்புக்காரருக்கு 36 அங்குலமே தொளதொளவென்றுதான் இருக்கும். உள்ளே ஒரு முரட்டு ஃபிளானல் சட்டை, அதற்கும் உள்ளே துணிப்பட்டையால் மார்பை இறுக்கிக் கட்டினால் வெளியே எந்தக் கோடும் தெரியாது. கீழே தடித்த கம்பளி முழுக்கால்சட்டை, தோள்வார் போட்டு மாட்டுவது. அது இடுப்பைப் பிடிக்காது, ஆகவே இடுப்பின் வடிவமும் தெரியாது.

நம் கண்ணுக்கு இன்று படாத ஒன்று உண்டு. அந்தக் காலத்து அமெரிக்காவில் பெண் என்றால் தரையைத் தொடும் பாவாடை. கால்சட்டை போட்ட பெண்ணை முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் பார்த்ததில்லை. எதிர்பாலின உடையில் தெருவில் வருவதை ஒஹாயோவின் கொலம்பஸ் நகரம் 1848இலும், சிகாகோ 1851இலும் சட்டம் போட்டே தடுத்தன. அப்படிப்பட்ட ஊரில் கால்சட்டையும் தொப்பியும் வெட்டிய முடியும் இருந்தால் அது ஆண்தான், மேற்கொண்டு யோசனையே ஓடாது.

முகாமில் யாரும் முழுதாக உடுப்பைக் கழற்றுவதில்லை. நடைப்பயணத்தில் வாரக்கணக்கில் போட்ட துணியோடு படுப்பது சாதாரணம். சிப்லி கூடாரம் என்றால் 18 அடி விட்டம், 12 அடி உயரம்; நடுக்கம்பத்தை நோக்கிக் காலை நீட்டி பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாகப் படுப்பார்கள். பிறகு வந்த சிறு கூடாரம், இரண்டு பேர் ஆளுக்கொரு துணியைப் பித்தானால் இணைத்துக் கட்டுவது. இரண்டிலுமே போர்வை, கோட்டு, பூட்ஸ் எல்லாம் மேலேயே.

கழிப்பிடம் என்பது வெட்டிய நீளப் பள்ளம். நாற்றமும் ஈயும் தாங்காமல் நிறையப் பேர் காட்டுப் பக்கம் ஒதுங்கினார்கள். அதிகாரிகள் திரும்பத் திரும்ப உத்தரவு போட்டும் நிற்கவில்லை. ஆகவே ஒருவர் தனியே ஒதுங்கினால் கூச்ச சுபாவம் என்று விட்டுவிடுவார்கள். ஆற்றில் குளிக்கப் போகாதவரும் ஏராளம்.

மாதவிலக்கை எப்படிச் சமாளித்தார்கள் என்று கட்டாயம் கேள்வி வரும். இதைப் பற்றி அவர்கள் எழுதி வைக்கவில்லை. ஆனால் காய்ந்த பிஸ்கட்டும் உப்புப் பன்றியிறைச்சியும் தின்று நாள்முழுக்க நடந்த உடம்பில் அது ஒழுங்காக வருவது குறைந்திருக்கும் அல்லது நின்றே போயிருக்கும். வந்தாலும், காயமும் கொப்புளமும் நிறைந்த முகாமில் ரத்தக்கறைத் துணி யார் கண்ணையும் உறுத்தாது.

#4 வடகரை

அருமையான தகவல்கள். ஒரு சந்தேகம்: துப்பாக்கியின் நீளமும் எடையும்? வேக்மன் ஐந்தடிதான் என்று படித்த நினைவு. வேலை செய்ய முடியாமல் அங்கேயே மாட்டியிருக்க வேண்டாமா?

#5 கருமருந்து

நல்ல கேள்வி, வடகரை. கணக்கைப் போட்டே பார்ப்போம்.

ஸ்பிரிங்ஃபீல்ட் 1861 மாடல்: நீளம் 56 அங்குலம், எடை சுமார் 9 பவுண்டு, அதாவது நாலு கிலோவுக்குச் சற்று மேல். ஐந்தடி என்றால் 60 அங்குலம். துப்பாக்கியைத் தரையில் ஊன்றினால் அதன் வாய் கிட்டத்தட்டக் கண் மட்டத்துக்கு வரும். வாய்வழியாகத்தான் வெடிமருந்து போட வேண்டும்.

பயிற்சிக் கையேட்டில் இது ஒன்பது படி. துப்பாக்கியை ஊன்றிப் பிடி. பையிலிருந்து தோட்டாவை எடு. பல்லால் கிழி. 60 கிரெய்ன் (சுமார் நாலு கிராம்) வெடிமருந்தைக் குழலில் கொட்டிக் குண்டை வாயில் வை. கெட்டிக்கும் கம்பியை உருவு. குண்டை அடிவரை இடி. கம்பியைத் திரும்பச் செருகு. சுத்தியலைப் பாதி இழுத்துப் வெடிமூட்டும் செம்புக் கேப்பைப் பொருத்து. தோளுக்குக் கொண்டு வா. நிமிஷத்துக்கு மூன்று முறை சுட்டால் தேர்ந்த சிப்பாய்.

குள்ளமானவருக்குச் சிக்கல் ஐந்தாவது படியில். கம்பி குழலின் நீளம், ஏறத்தாழ 40 அங்குலம். ஒரே இழுப்பில் வராது. பாதி உருவி, கையைக் கீழே மாற்றிப் பிடித்து, மீதியை உருவ வேண்டும். துப்பாக்கியைச் சற்று முன்னால் சாய்த்துக்கொண்டால் ஐந்தடி ஆளுக்கும் கை எட்டும். பலம் அதிகம் தேவையில்லை, பழக்கம்தான் தேவை. இங்கே தவறினால் என்ன ஆகும் என்பதைக் கெட்டிஸ்பர்க் காட்டியது. போர் முடிந்து களத்தில் பொறுக்கிய சுமார் 27,500 துப்பாக்கிகளில் 24,000 சுடப்படாமல் மருந்தோடு கிடந்தன. அவற்றில் பாதியில் இரட்டைக் கெட்டிப்பு. ஒன்றில் 23 தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. சத்தத்தில் கேப் வெடிக்காததைக் கவனிக்காமல் திரும்பத் திரும்ப இடித்திருக்கிறார்கள். இவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள்தான். பதற்றம் ஆண் பெண் பார்க்காது.

சுமை என்று பார்த்தால் 40 தோட்டா ஒன்றரைக் கிலோ, அதோடு பயனெட், தண்ணீர்க் குப்பி, போர்வை, மூன்று நாள் சாப்பாடு. பட்டணத்துக் குமாஸ்தாப் பையனுக்கு இது கஷ்டம். வேக்மன் ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர், பண்ணை வேலையில் வளர்ந்தவர், பட்டாளத்துக்கு முன் ஆண் உடையில் கால்வாய்ப் படகில் நிலக்கரி ஏற்றிப் போனவர். கேஷியர் அவருடைய கம்பெனியிலேயே குள்ளமானவர், ஆனால் விக்ஸ்பர்க் முற்றுகை உட்பட நாற்பதை ஒட்டிய மோதல்களில் இருந்தார் என்பது அவர் ரெஜிமென்ட்டின் கணக்கு. வேலை தெரியாமல் யாரும் பிடிபட்டதாகச் சம்பவமே அரிது. விஸ்கான்சினின் சாரா காலின்ஸ் ரெஜிமென்ட் கிளம்பும் முன்பே பிடிபட்டார். காட்டிக்கொடுத்தது அவர் காலுறையும் செருப்பும் மாட்டிய விதம். துப்பாக்கியைப் பிடித்ததில் யாரும் குறை காணவில்லை.

#6 மருந்துப்பெட்டி

அப்படியானால் குட்டு எங்கே உடைந்தது? நான் பட்டியலிட்ட வரையில் முதலிடம் ஆஸ்பத்திரிக்கு. அதிலும் காயத்தைவிடக் காய்ச்சல்.

இந்தப் போரில் செத்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் நோயில் செத்தவர்கள். மலேரியா, டைபாய்டு, பேதி. குண்டிடமிருந்து தப்பினாலும் கொசுவிடமிருந்தும் தண்ணீரிடமிருந்தும் தப்ப முடியாது. மேரி ஸ்கேபெரியின் மருத்துவ அட்டையைப் பாருங்கள்: 1862 நவம்பர் 7இல் கென்டக்கியின் லெபனான் ஆஸ்பத்திரியில் கடும் காய்ச்சலோடு சேர்க்கை, 10ஆம் தேதி லூயிவில்லுக்கு மாற்றம், அங்கே தெரிந்துவிட்டது, டிசம்பரில் விடுவிப்பு. காரணப் பத்தியில் எழுதியிருப்பது "பாலினப் பொருத்தமின்மை". குமாஸ்தாவுக்கு வேறு எந்தக் காரணத்தை எழுதுவது என்று தெரியவில்லை. படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

எட்மண்ட்ஸ் இதை நன்றாக உணர்ந்தவர். தானே ரெஜிமென்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தவர் அல்லவா, படுக்கையில் கிடந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பிறகு தபால் சுமப்பவராக மாறினார். தனியாகப் போய் வரும் வேலை, வேடத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. 1863 ஏப்ரலில் மலேரியா மீண்டும் தாக்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் பட்டாளத்தை விட்டே போனார். ஃபிராங்க்ளின் தாம்சன் பெயரில் ஓடிப்போன குற்றம் பதிவானது. அந்தக் கறையைத் துடைக்க அவருக்கு இருபது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

காயத்தில் வெளிப்பட்டவர்களும் உண்டு. 1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம். கழுத்துப் பக்கம் குண்டடிபட்ட மேரி கேலோவே சர்ஜனை நெருங்க விடவில்லை. அங்கே உதவிக்கு வந்த கிளாரா பார்ட்டன்தான் பேசிப் பேசி உண்மையைத் தெரிந்துகொண்டு சிகிச்சைக்குச் சம்மதிக்க வைத்தார். அந்த ஒரே நாள் போரில் இரு தரப்பிலும் சேர்த்துக் குறைந்தது எட்டுப் பெண்கள் இருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

பிரசவத்தில் வெளிப்பட்டவர்களும் உண்டு. ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் காட்டிய வீரத்துக்காக கார்ப்பரலிலிருந்து சார்ஜென்ட் ஆனவர் பிறகு ஒரு குழந்தைக்குத் தாயானார் என்று 14ஆவது இண்டியானாவின் அதிகாரி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். 1863 ஏப்ரலில் ஜெனரல் ரோஸ்கிரான்ஸ் தன் கீழிருந்த தளபதிக்கு, உங்கள் படையில் ஒரு சார்ஜென்ட் ஆண் குழந்தை பெற்றது ராணுவச் சட்டத்துக்கு விரோதம் என்று எழுதினார். எட்டு, ஒன்பது மாதம் வரை அந்தத் தொளதொள கோட்டு மறைத்திருக்கிறது.

#7 ஓலைக்கட்டு

மருந்துப்பெட்டி அவர்களே, ஒரு மறுப்பு. ஆஸ்பத்திரி என்றாலே பிடிபடுவது என்றால் வேக்மன் எப்படி? 1864 ரெட் ரிவர் படையெடுப்பில் நடந்து, ஏப்ரல் 9இல் பிளெசன்ட் ஹில் போரில் நின்று, மே 3இல் ரெஜிமென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஜூன் 19இல் நியூ ஆர்லியன்ஸில் சாகும்வரை ஏழு வாரம் வைத்தியர் கையில்தானே இருந்தார்? கோப்பில் ஆண் என்றே முடிகிறது.

#8 மருந்துப்பெட்டி

மறுப்பு சரி, நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். என்ன நோய் என்பதைப் பொறுத்தது. வேக்மனுக்கு நாள்பட்ட பேதி. வடதரப்பில் மட்டும் பேதியிலும் சீதபேதியிலும் 40,000க்கும் மேல் செத்தார்கள். வார்டு வார்டாக அதே நோயாளிகள். வைத்தியம் என்பது அபின் கலந்த மாத்திரை, பாதரசக் கலோமெல், கஞ்சி. இதற்கு உடுப்பைக் களைய வேண்டியதில்லை. ரெஜிமென்ட்டிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேரவே இரண்டு வாரத்துக்கு மேல், மே 22இல்தான் சேர்ந்தார். யாரும் கவனிக்காமல் கிடந்திருக்கலாம். கவனித்த செவிலியர் வாய் திறக்காமலும் இருந்திருக்கலாம். கோப்பை வைத்து இரண்டில் எது என்று பிரிக்க முடியாது.

அதோடு, தெரிந்தும் சொல்லாத தோழர்கள் இருந்தார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். எட்மண்ட்ஸ் 1861 நவம்பரிலேயே ஜெரோம் ராபின்ஸ் என்ற சக சிப்பாயிடம் உண்மையைச் சொன்னார். அவர் அதை நாட்குறிப்பில் எழுதினாரே தவிர அதிகாரியிடம் போகவில்லை. வட கரோலினாவின் மலிண்டா பிளேலாக் கணவரோடு 26ஆவது ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். கணவருக்கு விடுவிப்பு கிடைத்ததும் தானே உண்மையைச் சொல்லி, சேர்க்கைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, 1862 ஏப்ரலில் வெளியே வந்தார். துணைக்கு ஒருவர் இருந்தால் வேடம் நிற்கும்.

#9 கோப்புக்கட்டு

எந்தக் கதையையும் சரிபார்க்கும் முறையைச் சொல்கிறேன். இணையத்தில் "அவர் போரிட்டார்" என்று ஒருவரைப் பார்த்தால் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஆண் பெயர், ரெஜிமென்ட், கம்பெனி எழுத்து. மூன்றும் இல்லாத கதையை அங்கேயே நிறுத்திவிடலாம். "வடதரப்புக் குதிரைப்படையில்" என்று மட்டும் சொன்னால் தேட இடமே கிடையாது.

மூன்றும் இருந்தால் அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் சிப்பாய்கள் தரவுத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். இங்கே எல்லோரும் வழுக்கும் இடம் எழுத்துக்கூட்டல். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆளுக்கு மூன்று விதமாக இருக்கும். கேஷியரின் பெயருக்கே பல எழுத்து உண்டு. ஆகவே குடும்பப் பெயரால் மட்டும் தேடாமல் ரெஜிமென்ட் பட்டியல் முழுவதையும் கண்ணால் ஓட்டுங்கள்.

அடுத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகம். சிப்பாய்க்குத் தொகுத்த சேவைக் கோப்பு கேட்க 86ஆம் எண் படிவம், பென்ஷன் கோப்புக்கு 85. சேவைக் கோப்பு மெலிதாக இருக்கும்: சேர்க்கை, இரண்டு மாதத்துக்கொரு முறை "இருந்தார்/இல்லை", சம்பளம், விடுவிப்பு. பென்ஷன் கோப்புதான் தங்கச் சுரங்கம், ஏனென்றால் அங்கே சாட்சிகள் சத்தியம் செய்து பேசுவார்கள். மருத்துவ அட்டைகள் தனி வரிசை. பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள். ஸ்கேபெரி கதை முழுக்க அந்த அட்டையில்தான் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. "அரசே மறுத்துவிட்டது" என்று வாதாடுபவர்கள் 1909 அக்டோபர் கடிதத்தைக் காட்டுவார்கள். பத்திரிகையாளர் ஐடா டார்பெல் கேட்டதற்கு, பெண் எவரும் சேர்க்கப்பட்டதாகக் குறிப்பிட்டுக் காட்டும் அதிகாரபூர்வப் பதிவு கிடைக்கவில்லை என்று போர்த்துறை பதில் எழுதியது. அதே துறையின் அலமாரியில் 17ஆவது மிசௌரி, எச் கம்பெனி, ஜான் வில்லியம்ஸ் என்ற சிப்பாயின் தாள் இருந்தது. 1861 அக்டோபரில் "பெண் என நிரூபணமானது" என்று எழுதி விடுவித்திருக்கிறார்கள். பிளேலாக்கின் தாளும் இருந்தது. 1884இல் காங்கிரஸ் தனிச்சட்டம் போட்டு எட்மண்ட்ஸுக்கு மாதம் 12 டாலர் பென்ஷன் கொடுத்ததும் ஊரறிந்தது. 1886இல் ஓடிப்போன குற்றத்தையும் நீக்கினார்கள். தேடாமல் எழுதிய பதிலை ஆதாரமாகக் காட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

#10 வடகரை

அப்படியானால் லொரெட்டா வெலாஸ்குவெஸ்? தமிழ்ப் பகிர்வுகளில் அவர்தான் முதல் பெயர். ராணுவ உடுப்பில் இருக்கும் படம் ஒன்றும் சுற்றுகிறதே.

#11 கோப்புக்கட்டு

இரண்டு பேரைச் சேர்த்துக் குழப்பாதீர்கள். பகிர்வுகளில் அதிகம் சுற்றும் படம், வடதரப்பில் போரிட்டதாகச் சொல்லப்படும் ஃபிரான்சிஸ் கிளேட்டனுடையது. பாஸ்டனில் மேசரி என்பவரின் ஸ்டுடியோவில் எடுத்தது. படம் உண்மை. ஆனால் படம் என்பது ஒருவர் உடுப்புப் போட்டு ஸ்டுடியோவில் நின்றார் என்பதற்குத்தான் சாட்சி. அவர் சேவை பற்றிய செய்தித்தாள் கதைகள் ரெஜிமென்ட்டிலும் தேதியிலும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

வெலாஸ்குவெஸ் 1876இல் பெரிய நினைவுக் குறிப்பு வெளியிட்டார். ஹாரி பியூஃபோர்ட் என்ற தென்தரப்பு லெப்டினன்டாக இருந்தேன், உடல் வடிவத்தை மறைக்கக் கம்பி வலைக் கவசம் அணிந்தேன், பொய் மீசை ஒட்டினேன் என்றெல்லாம் அதில் வரும். தென்தரப்பு ஜெனரல் ஜூபல் எர்லி அப்போதே அதைப் பொய் என்றார். எர்லிக்குப் பெண் எழுதியதே பிடிக்கவில்லை என்பது ஒருபுறம்; தேதியும் இடமும் பொருந்தாத பக்கங்கள் இருப்பது இன்னொருபுறம். அவர் ஆணுடையில் திரிந்ததைச் செய்தித்தாள்கள் போர்க்காலத்திலேயே எழுதின. புத்தகத்தில் சொன்ன போர்களிலெல்லாம் இருந்தார் என்பதற்கு அது போதாது. எட்மண்ட்ஸின் புத்தகத்திலும் ஒற்றர் வேலைப் பகுதிகளுக்கு ஆவணம் இல்லை. நர்ஸ், தபால் வேலைக்குத்தான் உண்டு. புத்தகம் விற்க எழுதிய பகுதியையும் கோப்பு சொல்லும் பகுதியையும் தனித்தனியே வையுங்கள்.

#12 நீலாங்கரை வாசகி

ஏன் போனார்கள் என்பதில் காதல் கதையை மட்டும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வேக்மன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் நூறு வருஷத்துக்கு மேல் குடும்பத்தார் பரணில் கிடந்து பிறகு அச்சேறின. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது பணம். கால்வாயில் நாலு நடைக்கு 20 டாலர் பேச்சு. பட்டாளத்தில் சேர்ந்தவுடன் 152 டாலர், பிறகு மாதம் 13. தகப்பனாருக்குக் கடன் இருந்தது. பணம் அனுப்புகிறேன், பண்ணைக்கும் துணிமணிக்கும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுகிறார். படித்துக்கொண்டே போனால் ஊரைவிட்டுப் போய்ச் சம்பாதித்து வீட்டைத் தாங்கும் மூத்த பிள்ளையின் குரல்தான் கேட்கிறது. வாஷிங்டனில் கேரல் சிறையில் காவல் நின்றபோது, போரில் அதிகாரியாக இருந்து பிடிபட்ட ஒரு பெண்ணும் அங்கே கைதியாக இருந்ததையும் எழுதியிருக்கிறார். காவலுக்கு நின்றவரும் பெண் என்பது அந்தச் சிறையில் யாருக்கும் தெரியாது.

இன்னொன்று, கேஷியரைப் பற்றி இந்த இழையில் எல்லோரும் "பெண்" என்றே எழுதுவது சரியா? அயர்லாந்தில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்று பிறந்தவர் 1862 முதல் 1915இல் இறக்கும்வரை ஆல்பர்ட்டாகவே வாழ்ந்தார். போர் முடிந்ததும் வேடத்தைக் களைய வசதி இருந்தும் களையவில்லை. இல்லினாயின் சானமின் ஊரில் கூலி வேலை பார்த்தார், ஆணாக ஓட்டுப் போட்டார். இன்று பலர் அவரைத் திருநம்பி என்கிறார்கள்.

#13 ஓலைக்கட்டு

ஏற்கிறேன், வாசகி. அவர் தன்னை எந்தச் சொல்லால் அழைத்திருப்பார் என்று எழுதி வைக்கவில்லை. எப்படி வாழ்ந்தார் என்பது ஐம்பது வருஷத்துக்கு மேல் தெளிவாக இருக்கிறது. தமிழில் நமக்கு "அவர்" இருப்பது பெரிய வசதி. அதோடு ஆல்பர்ட் கேஷியர் என்றே எழுதுவோம். தலைப்பில் "பெண்கள்" என்று எழுதியது என் தவறு. அவரைத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் பென்ஷன் விஷயம் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 1890இல் விண்ணப்பித்தபோது மருத்துவச் சோதனை கேட்டார்கள். அதற்கு உட்படவில்லை, நின்றுபோனது. 1907 பிப்ரவரிச் சட்டம் வயதை மட்டும் வைத்து 62 ஆனவருக்கு மாதம் 12 டாலர் என்றது. சோதனை கிடையாது. உடனே கிடைத்தது. பிறகு 1910–11இல், தான் வேலை பார்த்த மாநில செனட்டரின் கார் மோதிக் கால் முறிந்தது. வைத்தியருக்குத் தெரிந்தது, செனட்டருக்குத் தெரிந்தது, 1911இல் சேர்த்த குயின்சி சிப்பாய் இல்லத்திலும் சிலருக்குத் தெரிந்தது. யாரும் வெளியே சொல்லவில்லை.

#14 மருந்துப்பெட்டி

1914இல் மனநல மருத்துவமனைக்கு மாற்றிய பிறகுதான் கொடுமை. அங்கே பாவாடை உடுத்தியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். எழுபது வயது, முறிந்து கூடிய கால், வாழ்நாளில் பழகாத நீளப் பாவாடை. தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அதன்பின் எழவில்லை.

பென்ஷன் அலுவலகம் மோசடி என்று விசாரித்தது. 95ஆவது இல்லினாயின் பழைய தோழர்கள் நேரில் வந்து, எங்களோடு இருந்த அதே சின்ன ஆள் இவர்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். பென்ஷன் நிற்கவில்லை. 1915 அக்டோபர் 10இல் இறந்தபோது சீருடையில் வைத்து, ராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். கல்லில் ஆல்பர்ட் கேஷியர், ஜி கம்பெனி, 95ஆவது இல்லினாய் காலாட்படை என்று பொறித்தார்கள். விக்ஸ்பர்க்கின் இல்லினாய் நினைவுமண்டபத்திலும் அந்தப் பெயர் இருக்கிறது.

#15 வடகரை

கல்லறைகள் பற்றி யாராவது விவரமாகச் சொல்ல முடியுமா? போய்ப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை?

#16 கோப்புக்கட்டு

எட்மண்ட்ஸ் 1898இல் டெக்சஸில் இறந்தார். 1901இல் ஹூஸ்டனின் வாஷிங்டன் கல்லறைத் தோட்டத்தில், வடதரப்பு முன்னாள் சிப்பாய்கள் சங்கத்துக்கு உரிய பகுதிக்கு மாற்றினார்கள். ஃப்ளோரினா பட்வின் தென் கரோலினாவின் ஃப்ளாரன்ஸ் சிறைமுகாமில் 1865 ஜனவரி 25இல் இறந்தார். அங்குள்ள தேசியக் கல்லறையில் சொந்தப் பெயரிலேயே கல் இருக்கிறது. கெட்டிஸ்பர்க்கில் புதைத்தவர்களின் கணக்கை 1863 ஜூலை 17இல் ஜெனரல் வில்லியம் ஹேஸ் அனுப்பியபோது குறிப்புப் பத்தியில், எதிரிச் சீருடையில் ஒரு பெண் சிப்பாய் என்று மட்டும் எழுதினார். பெயர் இல்லை, ஆகவே போய்ப் பார்க்கக் கல்லும் இல்லை.

வேக்மன் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் சால்மெட் தேசியக் கல்லறையில். ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி வெள்ளைக் கற்கள், ஆகவே வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்: 4066. கல்லில் லயன்ஸ் வேக்மன், நியூயார்க் என்று மட்டும் இருக்கும்.